செங்கொன்றை நின்ற இடம்

வாய்க்காங்கரைத் தெரு கிழக்கே சாய்ந்த காலையில் அதை முதலில் கண்டுகொண்டது பால்தான் என்று அந்தத் தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள், ஏனென்றால் அடுப்பில் பொங்கிய பால் எப்போதும்போல நாலாபக்கமும் வழியாமல் ஒரே பக்கமாக, ரயில்வே கேட் இருக்கும் திசையைப் பார்த்து வழிந்தது, அதுவும் ஒரு வீட்டில் இல்லை, மேல்வரிசை கீழ்வரிசை இரண்டிலும் எல்லா வீட்டிலும் ஒன்றுபோல வழிந்தது. பெண்கள் கைத்துணியோடு வாசலுக்கு வந்து பார்த்தால் நிலைப்படியும் சுவரும் மின்கம்பமும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் தெருமுனைப் பிள்ளையார் கோயிலும் அதற்குள்ளே பிள்ளையாரும், காற்றுக்குச் சாய்ந்த நெற்பயிர் மாதிரி, ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்து நின்றார்கள். ஒரே ஒரு வீட்டைத் தவிர.

செண்பகவல்லி மட்டும் வாசலுக்கு வரவில்லை. வழிந்த பாலைத் துடைக்காமல் அடுப்படியிலேயே நின்றாள். முந்தின நாள் சாயங்காலம் தெருச் சங்கக் கட்டடத்தில் மாட்டிவிட்டு வந்த படத்தில் வீடுகள் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தனவோ, அந்தப் பக்கம் அவ்வளவே தன் அடுப்படி ஜன்னலும் சாய்ந்திருப்பதை அவள் பார்த்துவிட்டாள். காது மடல் இரண்டும் சுட்டன.

அவளைத் தெருவில் மஸ்கட்டம்மா என்பார்கள். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து மஸ்கட்டில் இருந்துவிட்டு, மகள் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்ததும், புருஷனை அங்கேயே வேலையில் விட்டுவிட்டு, கட்டிப் பூட்டிவைத்திருந்த வீட்டைத் திறந்துகொண்டு வந்தவள். அங்கே எதிர் பிளாட்டில் இருந்த ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் அவளுக்குப் பழக்கிவிட்டது இந்தத் தையல். சல்லடை மாதிரிக் கண் கண்ணாக விறைத்து நிற்கும் துணியில் கண்ணுக்குக் கண் கம்பளி நூலைக் கோத்து, துணியே தெரியாமல் நிரப்பிப் படமாக்குகிற வேலை. ஊருக்கு வந்த பிறகு போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் புதிது புதிதாகப் படித்துக்கொண்டாள். தீ நாக்கு மாதிரி ஏறி இறங்கும் நீளத் தையல், நூலை ஊசியில் சுற்றி இழுத்து மிளகு மிளகாக முடிச்சு வைப்பது, கண்ணி விட்டுக் கத்தரித்து வெல்வெட்டு மாதிரி ஆக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையணை உறை செய்து சோபா நிறைய அடுக்கியிருந்தாள். அவள் தைத்த கிளியும் பூக்கூடையும் யாரையும் ஒன்றும் செய்ததில்லை.

பிறகுதான் தெருவைத் தைக்கலாம் என்று தோன்றியது. மேல்வரிசை மேலே, கீழ்வரிசை கீழே, நடுவில் சிமெண்ட் ரோடு. அதற்கு அவள் எடுத்துக்கொண்டது அரைக்குறுக்குத் தையல்; நூல் அதிகம் தின்னாது, சீக்கிரம் ஏறும். வீடியோவில் அந்தப் பெண் தெளிவாகத்தான் சொன்னாள், இந்தத் தையலில் ஒவ்வொரு இழுப்பும் ஒரே சாய்வில் இழுக்கும், துணியை மரச்சட்டத்தில் விறைப்பாகக் கட்டாமல் தைத்தால் படம் கோணிக்கொண்டு போகும், என்று. செண்பகவல்லிக்குச் சட்டத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார முடியவில்லை. மடியிலேயே போட்டு, சீரியல் பார்த்துக்கொண்டே தைத்தாள். கண்ணாடி போட எடுத்துப்போனபோது கடைக்காரர் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, கோணலா இருக்கே மேடம் என்றார். அதுதான் இதுல ஸ்டைலு என்றாள் அவள்.

கோணல்கூடப் பெரிதில்லை. மேல்வரிசையில், அவள் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது வடிவின் வீடு. வீட்டு முன்பக்கம் முழுக்கப் பஞ்சர் கடை. லாரி ஓட்டப் போன புருஷன் திரும்பாமல் போன பிறகு, அவன் விட்டுப்போன கம்ப்ரஸரையும் அரத்தையும் பசையையும் வைத்துக்கொண்டு வடிவு தானே உட்கார்ந்துவிட்டாள். ஆணியில் தொங்கும் ட்யூப்புகள், சுவரோரம் அடுக்கிய பழைய டயர்கள், கறுத்த தண்ணீர்த் தொட்டி. தைத்துக்கொண்டே வந்த செண்பகவல்லி அந்த இடத்துக்கு வந்ததும் இந்தக் கறுப்பு வளையங்கள் படத்தைக் கெடுத்துவிடும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். வடிவை நினைக்கவில்லை, அவள்மேல் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. கை தானாகச் சிவப்பு நூலை எடுத்தது, வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செங்கொன்றை மரம் பூத்துக் குலுங்கியது. மஸ்கட் நூலில் சிவப்பு தீர்ந்துபோயிருந்ததால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேன்ஸி ஸ்டோரில் வாங்கினாள். புது முடிச்சுத் தையலை அந்த மரத்தில்தான் போட்டுப் பார்த்தாள். படத்திலேயே அழகாக வந்தது அதுதான்.

தை மாதம் படம் மாட்டிய அன்று தெருவே சங்கக் கட்டடத்துக்கு வந்தது. ஒவ்வொருவரும் தன் வீட்டைத் தேடி விரல் வைத்துப் பார்த்தார்கள். எங்க வீட்டுக் கேட்டு, எங்க மாடிப்படி, எங்க கொடியில காயிற துண்டுகூட இருக்கு பாத்தியளா என்று ஒரே பேச்சு. கடைசியில் வடிவு வந்தாள், கையைக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டே. மேல்வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். திரும்ப ஒருமுறை அந்த முனையிலிருந்து இந்த முனைவரை பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“மரம் நல்லா வந்திருக்கு மஸ்கட்டம்மா. நெழலு விழுத மாதிரியே இருக்கு.”

சொல்லிவிட்டு, தட்டில் நீட்டிய கேசரியை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு அடுத்த நாள்தான் பால் ஒரு பக்கமாக வழிந்தது.

சாய்ந்த தெருவில் எப்படி வாழ்வது என்பதைத் தெரு பங்குனிக்குள் படித்துக்கொண்டது. கட்டில் கால்களுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் செங்கல் வைத்தார்கள். தோசைக் கல்லுக்குக் கீழே ஒரு பழைய கரண்டிக் காம்பைச் செருகினார்கள், செருகாத வீடுகளில் தோசை ஒரு ஓரம் பேப்பராகவும் மறு ஓரம் ஊத்தப்பமாகவும் வந்து, ஓரம் ஓரமாகப் பிரித்து அவரவர் இஷ்டப்படி தின்றார்கள். தானாக மூடிக்கொள்ளும் கதவுகளைக் கயிற்றில் கட்டிவைத்தார்கள், தானாகத் திறந்துகொள்ளும் கதவுகளுக்கு அம்மிக்குழவியை அண்டைகொடுத்தார்கள். ஒரு பக்கத்துக் குதிகால் மட்டும் உயர்த்தித் தைத்த செருப்பு மணிக்கூண்டுப் பக்கத்தில் கிடைத்தது, அதைப் போட்டு நடந்து பழகியவர்கள் வேறு தெருவுக்குப் போனால் கெந்திக் கெந்தி நடந்தார்கள், கெந்துகிறவரைக் கண்டால் வாய்க்காங்கரையா என்று ஊரில் கேட்டார்கள். பிள்ளையார் கோயில் அய்யர் அபிஷேகப் பாலைச் சாமியின் தலைக்கு நேராக ஊற்றாமல் ஒரு சாண் மேற்கே தள்ளி ஊற்றினார், அது சரியாகத் தலையில் விழுந்தது. முனிசிபாலிட்டியிலிருந்து ஓர் இன்ஜினியர் ரசமட்டத்தோடு வந்து வீடு வீடாக வைத்துப் பார்த்து, குமிழி எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில் நிற்பதால் சாய்வு சீராக இருக்கிறது, சீராக இருப்பதால் குறையில்லை என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார். மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பேசிய புருஷன், போனை நேரா புடி என்று அதட்டினார்; செண்பகவல்லி போனைச் சாய்த்துப் பிடித்தாள், இப்பத்தான் சரி என்றார்.

குறை என்று வந்தது வடிவின் வீட்டால்தான்.

அந்த வீடு முன்பு எப்படி நின்றதோ அப்படியே நின்றது. அதனாலேயே அது கோணலாகத் தெரிய ஆரம்பித்தது. அதற்கு மேற்கே சங்கத் தலைவர் ஆறுமுகநயினாரின் மாடிவீடு. அது கிழக்கே சாய்ந்து, மேல்மாடியின் முழங்கை மாதிரியான மூலையை வடிவின் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றது. ஊன்றிய இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து, மழைநீர்க் குழாய் நெளிந்திருந்தது. ஆறுமுகநயினார் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், யாரிடமும் சத்தம் போடாதவர். அவர் ஒருநாள் பஞ்சர் கடை வாசலில் வந்து நின்று, ரொம்பத் தன்மையாகத்தான் கேட்டார்.

“ஏ வடிவு, ஒன் வீடு என் வீட்டுல இடிக்கில்லா?”

வடிவு ட்யூப்பைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி எங்கே வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, “அண்ணாச்சி, நான் இருந்த எடத்துலதான் இருக்கேன்” என்றாள்.

“அதத்தான் சொல்லுதேன்” என்றார் அவர்.

பிறகு ஒரு பெண்பார்க்கும் காரியம். கீழ்வரிசையில் பாக்கியத்தம்மாள் மகளைப் பார்க்க விருதுநகரிலிருந்து வந்தவர்கள் சாய்ந்த வீட்டில் சாய்ந்த நாற்காலியில் உட்கார்ந்து பஜ்ஜி தின்று, எல்லாம் பிடித்து, தாம்பூலம் வரை வந்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது எதிர்வரிசையில் வடிவின் வீட்டைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அப்போதுதான் தலை சுற்றியது. என்ன இது, தெருவே சாஞ்சில்லா கெடக்கு என்று தூணைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தம் நின்றுபோயிற்று. அந்த ஒத்த வீடு இல்லேன்னா நம்ம சாஞ்சிருக்கது எவனுக்குத் தெரியும் என்று பாக்கியத்தம்மாள் கேட்டாள், அவள் கேட்டது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. அதற்கப்புறம் அந்தக் கடையில் பஞ்சர் ஒட்ட யாரும் வரவில்லை. காற்றுப் போன சைக்கிளை ரயில்வே கேட்வரை உருட்டிக்கொண்டு போனார்கள்.

செண்பகவல்லி எதிரேயே இருந்து இதையெல்லாம் பார்த்தாள். பார்த்தாள் என்பதுகூடச் சரியில்லை. வாசல் ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டாள். ஒருநாள் அவளுடைய ஸ்கூட்டியின் பின்சக்கரம் காற்றில்லாமல் நின்றது. வெளியே கேட்கிற சத்தத்தில் திரையை விலக்கினால், வடிவு கம்ப்ரஸர் குழாயைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்துவந்து, கூப்பிடாமலே, குந்தியிருந்து காற்றடித்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை. திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழாய் திரும்ப எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை, திருடப்போன வீட்டில் ஆள் வந்துவிட ஒளிந்தவள் மாதிரி நின்றாள்.

சித்திரையில் சங்கக் கூட்டம் போட்டார்கள். எல்லாரும் நாற்காலிகளை ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சரி செய்துகொண்டு, அந்தப் படத்துக்குக் கீழேயேதான் உட்கார்ந்தார்கள். வடிவைக் கூப்பிடவில்லை. ஒன்று அவள் வீட்டைத் தெருவோடு ஒத்துப்போகிற மாதிரிச் சாய்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மேற்குச் சுவரை இடித்துக்கொண்டு இடத்தை விட்டுப் போக வேண்டும், ஆடி பிறந்தால் நாமே கடப்பாரை போடுவோம், என்று பேச்சு மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு வந்து நின்றது. யாரும் கோபமாகப் பேசவில்லை. பாவம், நல்ல பொம்பளதான் என்றுகூட ஒருவர் சொன்னார். கடைசியில் ஆறுமுகநயினார் செண்பகவல்லி பக்கம் திரும்பினார்.

“மஸ்கட்டம்மா, நீங்க நாலு ஊரு பாத்தவிய. நீங்க என்ன சொல்லுதிய?”

அவளுக்கு நேர் எதிரே சுவரில் செங்கொன்றை பூத்திருந்தது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. தெருவைச் சாய்த்தது நான் என்று சொல்வது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. அதைச் சிரித்துக்கொண்டேகூடச் சொல்லிவிட முடியும். அதைச் சொன்னால் அடுத்ததாக, அந்த வீடு மட்டும் ஏன் சாயவில்லை என்று கேட்பார்கள். அதற்கு ஒரே பதில்தான் இருந்தது, அந்தப் பதிலை இத்தனை முகங்களுக்கு முன்னால் வாயில் வைக்க முடியவில்லை.

“எல்லாரும் சொல்லுததுதான்” என்றாள் செண்பகவல்லி.

அந்தச் சொல் அவளோடு வீட்டுக்கு வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, குளிக்கப் போனால் வாளிக்குள்ளிருந்து பார்த்தது. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். யாருக்கும் தெரியாமல் என்பதுதான் அந்த முடிவில் பெரிய பகுதியாக இருந்தது. கோணிப்போன படத்தை நேராக்க வழி உண்டு. தண்ணீரில் நனைத்து, துணியின் கண்கள் இளகியதும் எதிர்மூலைகளைப் பிடித்து இழுத்து, பலகையில் ஆணி அடித்துக் காயப்போட வேண்டும். கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது, துடைத்துத் தருகிறேன் என்று சங்கத்தில் பொய் சொல்லிப் படத்தை எடுத்துவந்தாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து தெருவே கண்ணயர்ந்த வெயில் நேரத்தில், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துணி துவைக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் படத்தை முக்கினாள். பிறகு கூடத்தில் பிளைவுட் பலகையைப் போட்டு, ஈரப்படத்தை அதன்மேல் விரித்து, மேற்கு மேல்மூலையையும் கிழக்குக் கீழ்மூலையையும் பிடித்து இழுத்தாள். அடுப்படியில் பாத்திரங்கள் ஒரு பக்கமாக நகர்ந்தன. இன்னும் இழுத்தாள். தெரு நெடுக வீடுகள் தூங்கி எழுந்தவர்கள் மாதிரி முதுகெலும்பை முறித்தன; கயிற்றில் கட்டிய கதவுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன; செங்கல் வைத்த கட்டில்களில் படுத்திருந்தவர்கள் மேற்குப் பக்கமாகத் தரையில் உருண்டார்கள். ஆறுமுகநயினாரின் மாடி வடிவின் சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டது. பிள்ளையார் நிமிர்ந்தார். செண்பகவல்லி கடைசி ஆணியை அடித்துவிட்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, அத்தனை நாளைக்குப் பிறகு நிறைவாக ஒரு மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள் அவள் கண் படத்தின்மேல் போயிற்று.

சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது.

புது ஜாக்கெட் துணி வாங்கினால்கூட உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சாயம் போகுமா என்று பார்க்காமல் துவைக்காதவள் அவள். அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் துவைக்க மாட்டாள். பேன்ஸி ஸ்டோர்ச் சிவப்பை அவள் பார்க்கவில்லை. மரத்தின் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் சாயம் கசிந்து, பக்கத்து வீட்டுக் கண்ணுக்குள் ஏறி, அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு, ரோட்டைக் கடந்து கீழ்வரிசைக்கு, வீடு வீடாகக் கதவைத் தட்டுகிற ஆள் மாதிரி, ஒன்றையும் விடாமல் போய்க்கொண்டிருந்தது. துண்டை எடுத்து ஒற்றினாள். ஒற்ற ஒற்றப் பரவியது. பலகை ஓரத்திலிருந்து சொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அவள் கூடத்துச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, வெற்றிலை போட்டுத் துப்பின மாதிரி, சிவப்பு ஏறியிருந்தது.

வெளியே சத்தம் கேட்டது. நிமிர்ந்த வீடுகளைப் பார்க்க ஓடிவந்தவர்கள் சிவந்த சுவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுண்ணாம்புச் சுவர், டைல்ஸ் ஒட்டிய சுவர், போன தீபாவளிக்கு டிஸ்டெம்பர் அடித்த சுவர் எல்லாம் ஒரே சிவப்பு. சுற்றிப் பார்த்துவந்த கண்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றன. வடிவின் வீட்டில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

“சாயும்போதும் சாயல. இப்பச் செவக்கும்போதும் செவக்கல” என்றாள் பாக்கியத்தம்மாள். “இவ என்னத்தையோ செய்யுதா.”

ஆடி வரை காத்திருக்க வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். யார் வீட்டிலிருந்தோ கடப்பாரை வந்தது. ஆறுமுகநயினார், சுவர மட்டுந்தான், சுவர மட்டுந்தான் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். வடிவு கடை வாசலில் டயர் அடுக்குக்கு முன்னால் நின்றாள். கையில் ஒன்றும் இல்லை. கத்தவும் இல்லை. தெருவைத் தாண்டி, எதிரே திரை போட்ட ஜன்னலை மட்டும் பார்த்தாள். திரைக்குப் பின்னால் ஆள் இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. காற்றடித்த அன்றைக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும் என்று செண்பகவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் பலகையைத் தூக்கினாள். ஆணியடித்த ஈரப்படத்தோடு அது கனத்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ரோட்டைக் கடந்தாள். சேலை முன்பக்கமெல்லாம் சிவப்பு. கூட்டத்துக்கும் வடிவுக்கும் நடுவே போய் நின்று பலகையைத் திருப்பிக் காட்டினாள். சாய்ந்ததும் இதனாலதான், செவந்ததும் இதனாலதான் என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை, இன்னொருமுறை சொன்னாள்.

கூட்டம் அதை எதிர்பார்த்ததைவிட லேசாக எடுத்துக்கொண்டது. அப்படியா என்றார்கள். நாங்கூட ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் புது ரயில் விட்டதுனாலயோன்னு நெனச்சேன் என்றார் ஒருவர். சட்டம் போட்டுத் தச்சிருக்கலாம்லா என்றாள் ஒருத்தி. சாயம் போகுமான்னு பாக்க மாட்டியளா, மஸ்கட்டுல உப்பே கெடையாதா என்று இன்னொருத்தி கேட்டதற்குச் சிரிப்புக்கூட எழுந்தது. செண்பகவல்லிக்கு ஒரு நொடி, இவ்வளவுதானா, தப்பித்தோமா என்று இருந்தது. அப்போது ஆறுமுகநயினார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, சிவப்பு எங்கேயிருந்து கிளம்பியிருக்கிறது என்று விரலால் தடம் பிடித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் விரலை நிறுத்தினார்.

“இந்த எடத்துல மரம் ஏது?”

 அவர் விரல் அங்கேயே இருந்தது. அந்த விரலுக்கு இடப்பக்கம் அவருடைய மாடிவீடு, அவர் முன்பே பார்த்து, எங்க தண்ணி டேங்கு மூடிகூட இருக்கு என்று மெச்சிக்கொண்ட வீடு. தையிலிருந்து சித்திரைவரை அந்தப் படத்துக்குக் கீழே அவர்கள் கூட்டம் போட்டிருக்கிறார்கள், சுண்டல் தின்றிருக்கிறார்கள், வடிவின் வீட்டை என்ன செய்வது என்று பேசியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இல்லாத மரத்தை அழகாக இருக்கிறது என்றிருக்கிறார்கள். அந்த இடத்தில் என்ன இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கடப்பாரை வைத்திருந்த ஆள் அதை மெல்ல, சத்தம் கேட்காமல் தரையில் சாய்த்து வைத்தான். பாக்கியத்தம்மாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

“இப்பவே பிரிச்சு எடுத்துருதேன் வடிவக்கா” என்றாள் செண்பகவல்லி. “மரத்த எடுத்துட்டு ஒங்க வீட்டத் தச்சிருதேன்.”

வடிவு பலகையைப் பார்க்கவில்லை.

“என்னையக் கேக்காம விட்டுட்டிய. என்னையக் கேக்காமச் சேத்துராதிய.”

பிறகு கொஞ்சம் யோசித்து, பஞ்சர் எங்கே என்று கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டாள்:

“திரும்பாமச் சொல்லுங்க. எங்க வீடு என்ன கலரு?”

செண்பகவல்லி வீட்டுக்கு முதுகு காட்டி நின்றாள். நூல்கடையில் பச்சையில் மட்டும் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, வாழைக்குருத்து, வேப்பந்தளிர் என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவள். திரையைத் திறந்தால் தினமும் முதலில் தெரிகிற சுவர். வெள்ளையா, மஞ்சளா? பக்கத்தில் நிற்கிறவர்கள் யாராவது சொல்லித்தருவார்களா என்று முகம் முகமாகப் பார்த்தாள். அவர்கள் முகமும் அவள் முகம் மாதிரியே இருந்தது. வடிவின் சுவரில் வீட்டையே சாய்த்து வைத்திருந்த ஆறுமுகநயினார் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார், ஒரு குதிகால் உயர்ந்த செருப்பை.

அப்போது தெரு முழுவதும் ஒன்றாக நிமிர்ந்து அந்த வீட்டைப் பார்த்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடிவு உள்ளே போய்விட்டாள்.

சிவப்பு போகவில்லை. சுண்ணாம்பு அடித்தார்கள், பெயின்ட் அடித்தார்கள், முதல் மழைக்கு மேலே வந்தது. வாய்க்காங்கரையா என்று கெந்தலைப் பார்த்துக் கேட்டவர்கள் இப்போது சுவரைப் பார்த்துக் கேட்டார்கள், தெருக்காரர்களும் அதற்குப் பழகிக்கொண்டார்கள், ஆனால் சாய்வுக்குப் பழகியது மாதிரிச் சிரித்துக்கொண்டு பழகவில்லை. விருந்தாளி வந்தால் சிவந்த பக்கத்துக்கு நாற்காலி போட்டு மறைத்தார்கள். ஆறுமுகநயினார் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கொத்தனாரை விட்டு, தன் மாடி ஊன்றியிருந்த இடத்தில் வடிவின் சுவரைப் பூசிக்கொடுத்தார். சைக்கிள்கள் திரும்ப வந்தன, கொஞ்ச நாளைக்கு, பஞ்சர் ஆகாத சைக்கிள்களும் வந்தன.

செண்பகவல்லி மரத்தைப் பிரித்து எடுத்துவிட்டாள். முடிச்சு முடிச்சாக ஊசிமுனையால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. படத்தில் அந்த இடம் இப்போது சல்லடையாக வெறுமனே இருக்கிறது, ஒளியில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. மறுநாள் எதிர்வீட்டு வாசலில் போய் நின்று, சேக்கலாமாக்கா என்று கேட்டாள். வடிவு டயர் ஒன்றைக் காலால் ரோட்டோரம் உருட்டிவிட்டு, தலையால் காட்டினாள்.

“உக்காந்து பாருங்க. பாத்துட்டு அப்புறமாக் கேளுங்க.”

அதிலிருந்து மத்தியானம் சாய்ந்ததும் அவள் அந்த டயர்மேல் உட்காருகிறாள், தெருவே போய்வருகிற ரோட்டோரத்தில், எல்லார் பார்வையிலும், மடியில் படமும் மூடிய நூல்பெட்டியுமாக. முதலில் நீலம் என்று நினைத்தாள். நீலத்துக்கு மேலே என்றைக்கோ அடித்த சுண்ணாம்பு, சுண்ணாம்புக்கு மேலே கைபட்ட உயரம்வரை டயர்க் கறுப்பு, பூசின இடத்தில் ஈரச் சிமெண்ட், கதவுக்கு மேலே ஒரு கோலத்தின் மிச்சம், உள்ளே விளக்குப் போட்டால் எல்லாமே வேறு. ஜன்னல் கம்பியில் சொருகியிருந்த சின்னப் பிளாஸ்டிக் சீப்பை அவள் பார்ப்பதற்கே வெகுநாள் ஆயிற்று.

வேலை முடிந்து கை கழுவும்போது வடிவு உள்ளேயிருந்து கேட்பாள்.

“இன்னைக்கு என்ன கலரு?”

செண்பகவல்லி சொல்வாள். போகிறவர்கள் நின்று கேட்பார்கள், சிலர் தாங்களும் ஒன்று சொல்லிப் பார்ப்பார்கள்.

“இல்ல” என்பாள் வடிவு. “நல்லாப் பாருங்க.”

செண்பகவல்லி ஊசியில் இன்னும் நூல் கோக்கவில்லை.